டங்கனன் ஊரின் பழைய விடுதி



பென்சில்வேனியா ராஜ்யத்தின் தலைநகரான ஹாரிஸ்பர்கிலிருந்து ஸஸ்குவஹானா நதியின் கரையோடு வடக்கே சுமார் 15 மைல் சென்றால், மேற்கிலிருந்து ஓடிவரும் ஜூனியாட்டா நதி அந்தப் பெருநதியோடு கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவுக்கும் நீர்க்கரைக்கும் நடுவில் கிடைத்த குறுகலான நிலத்தில், நீளவாட்டில் அமைந்திருக்கும் டங்கனன் என்னும் சிற்றூரைக் காணலாம். அங்கே வசிப்பவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். அரண்மனையோ, பெயர்பெற்ற ஆலயமோ, வேடிக்கை பார்க்கத்தக்க வேறு விசேஷமோ அவ்வூரில் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் கோடையின் தொடக்கத்தில், முதுகில் மூட்டையும் கையில் ஊன்றுகோலுமாகப் பல தேசத்து மக்கள் அதன் கடைத்தெரு வழியே நடந்து போகிறார்கள். போகிறவர்களில் பலர், பல ஆண்டுகளாக, அந்தத் தெருவில் நிற்கும் பழங்கட்டடம் ஒன்றின் வாசலில் மூட்டையை இறக்கி வைத்திருக்கிறார்கள். டாயில் ஹோட்டல் என்று பெயர்கொண்ட அந்த விடுதியைப் பற்றியும், அதைப்போல் நடைப்பயணிகளுக்குப் புகலிடம் கொடுக்கும் வேறு சில இடங்களைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவர்கள் நடந்துவரும் பாதையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். தெற்கே ஜார்ஜியா ராஜ்யத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 ராஜ்யங்களின் ஊடே, மலைத்தொடரின் முகடுகளில் ஏறியும் இறங்கியும் சென்று, வடக்கே மேய்ன் ராஜ்யத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிவுறும் அப்பலாச்சியன் பாதை, ஏறத்தாழ 2,190 மைல் நீளமுள்ளது. மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமுமாகத் தீட்டப்பட்ட வெள்ளைக் கோடுகளே அதில் செல்பவர்களுக்கு வழிகாட்டி. 1921-ஆம் ஆண்டில் பென்ட்டன் மக்காய் என்ற வனவியல் அறிஞர், கட்டடக் கலைஞர்களின் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பாதையின் திட்டம் முதன்முதல் வெளியாயிற்று. அவர் கேட்டது வெறும் நடைபாதை மட்டுமன்று. கிழக்குக் கரையின் ஆலைகளிலும் நகரங்களிலும் உழைத்துச் சலித்த ஜனங்கள் மலைமீது வந்து தங்கி, உடலும் உள்ளமும் தேறிப் போவதற்கு வழிநெடுகத் தங்குமிடங்களும், கூடிவாழும் முகாம்களும், உணவு விளைவிக்கும் பண்ணைகளும் அமையவேண்டும் என்பது அவருடைய அபிலாஷை. 1937-இல், பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பால், பாதை முழுமை பெற்றது. ஒரு நாள் நடைக்கு ஒன்றாக, மூன்று பக்கம் மட்டுமே சுவருள்ள மரக்குடில்களும் காட்டுக்குள் எழுந்தன. ஆனால் பண்ணைகளும் முகாம்களும் அவர் நினைத்தபடி எழவில்லை. சூடான ஆகாரமும், கூரையின் கீழே ஒரு படுக்கையும், மனிதர் முகமும் வேண்டுமென்றால் நடப்பவன் மலையை விட்டு இறங்கி ஊருக்குள்தான் வரவேண்டும். மக்காய் விட்டுப்போன அந்தக் குறையை, எவரும் திட்டமிடாமலே, டாயிலைப் போன்ற விடுதிகள் நிறைவு செய்தன என்பது என் அபிப்பிராயம்.

தொடக்கத்தில், ஒரே மூச்சில் இப்பாதை முழுவதையும் ஒருவர் நடந்துவிட முடியும் என்று நம்பியவர்கள் சொற்பம். இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் சேவை செய்து, உயிர்த் தோழனைப் போர்க்களத்தில் இழந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் என்ற இளைஞர், யுத்தத்தின் பாரத்தை நடந்தே கழித்துவிட வேண்டும் என்று 1948-இல் புறப்பட்டு நான்கு மாதங்களில் கட்டாடினை அடைந்தார். அவர் இதே பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற ஒஹையோ மூதாட்டி, பதினொரு மக்களைப் பெற்றவர், தம் 67-ஆம் வயதில், சாதாரணக் கான்வாஸ் காலணியும், தோளில் தொங்கவிட்ட துணிப்பையுமாகத் தன்னந்தனியே முழுப் பாதையையும் நடந்து முடித்தார். இன்றோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் முயல்கிறார்கள். நாலில் ஒரு பங்கினரே இறுதிவரை செல்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு மாதம் வரை பிடிக்கும் யாத்திரை அது. இப்படி முழுப் பாதையையும் நடக்கப் புறப்படுபவர்களை அங்கே த்ரூ ஹைக்கர் என்று அழைக்கிறார்கள்.

மார்ச் அல்லது ஏப்ரலில் தெற்கே புறப்பட்ட ஒருவன், ஜூன் மாதத்தில், 1,100 மைலுக்கு மேல் நடந்து, பாதி வழியைக் கடந்த நிலையில் டங்கனனை நெருங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பர்லாண்டு பள்ளத்தாக்கின் வயல்வெளிகளில், நிழல் குறைந்த சமதரையில் வெயிலை முழுதும் தலையில் வாங்கிக்கொண்டு வந்தவன், பிறகு மீண்டும் மலையேறி, பருந்துப் பாறை என்று பெயர் பெற்ற முனையில் வந்து நிற்கும்போது, காலடியில் இரண்டு நதிகளும், பாலங்களும், ரயில் தண்டவாளமும், வீட்டுக் கூரைகளும் ஒருங்கே தென்படுகின்றன. அவன் குளித்துப் பல நாள் ஆகியிருக்கும். நாளொன்றுக்கு 15, 20 மைல் சுமையோடு நடக்கும் உடம்பு, முதுகில் சுமந்து வரக்கூடிய உலர்ந்த ஆகாரத்தால் ஒருபோதும் திருப்தியடைவதில்லை. எவ்வளவு தின்றாலும் தணியாத ஒரு பசி இரண்டாம் மாதத்திலிருந்து அவனைப் பற்றிக்கொண்டு விடுகிறது. வியர்வையும் புகையும் மழையும் மாறிமாறி ஊறிய உடுப்பிலிருந்து எழும் நாற்றத்தை அவன் உணர்வதில்லை, மற்றவர்கள் உணர்கிறார்கள். கௌரவமான ஹோட்டல்காரர் ஒருவர் இப்படிப்பட்ட விருந்தினரைத் தம் கம்பளத்தின்மீது நடக்கவிடத் தயங்கினால், அவரைக் குறைகூறுவதற்கில்லை. டாயிலில் அந்தத் தயக்கம் இருந்ததில்லை. அந்த விடுதியின் பெருமை முழுதும் இந்த ஒன்றில் அடங்கியது.

அதன் சரித்திரத்தைக் கேளுங்கள். பழைய மர விடுதி ஒன்று எரிந்து போனபின், அதே இடத்தில் 1905-ஆம் ஆண்டில் இப்போதுள்ள கட்டடம் எழுந்தது. அக்காலத்தில் பீர் வடிக்கும் பெரிய நிறுவனங்கள், தங்கள் சரக்கு தடையின்றி விற்பனையாவதற்காகத் தாங்களே ஊர்தோறும் விடுதிகளையும் மதுச்சாலைகளையும் உடைமையாக வைத்திருப்பது வழக்கம். டாயிலும் ஆன்ஹைசர் புஷ் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்தது என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். 1920-லிருந்து 1933 வரை நீடித்த மதுவிலக்கும், அதன்பின் வந்த சட்டங்களும் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டின. பிற்காலத்தில் வாங்கிய ஒருவரின் பெயரே விடுதிக்கு நிலைத்துவிட்டது.

அந்நாளில் அங்கே தங்கியவர்கள் யார்? டங்கனன் ஒரு காலத்தில் இரும்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அதற்கும் முன்னே கால்வாய் யுகத்தில், ஸஸ்குவஹானாவின் குறுக்கே இருந்த மரப்பாலத்தின்மீது கோவேறு கழுதைகள் நடந்து படகுகளை நதியின் அக்கரைக்கு இழுத்துச் செல்லுமாம். பிறகு பென்சில்வேனியா ரயில்வேயின் பிரதான மார்க்கம் வந்தது. 1904-இல் தோன்றிய தொழிற்சாலை ஒன்று குழந்தைகள் பனியில் சறுக்கி விளையாடும் மரச் சறுக்குவண்டிகளைச் செய்து தேசமெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. வியாபார நிமித்தம் வந்தவர்களும், ரயில் மாறுபவர்களும், ஆலைப் பணியாளர்களும் விடுதியின் அறைகளை நிரப்பினார்கள். இரும்பு போயிற்று, கால்வாய் தூர்ந்தது, ரயில் நிற்காமல் ஓடலாயிற்று, நெடுஞ்சாலையும் ஊரை ஒதுக்கிவிட்டது, சறுக்குவண்டி ஆலையும் மூடப்பட்டது. இத்தகைய ஊர்களில் இத்தகைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வாகனம் நிறுத்துமிடம் அமைவதே அமெரிக்காவில் பெருவழக்கு. டாயில் பிழைத்ததற்குக் காரணம், வெள்ளைக் கோடுகள் அதன் தெரு வழியே சென்றதுதான்.

பிழைத்தது என்றேனே தவிர, செழித்தது என்று சொல்லவில்லை. சுவர்களில் வர்ணம் உரிந்திருந்தது. தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மெத்தை நடுவில் குழிந்திருந்தது. குளிக்கும் அறை தாழ்வாரத்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. கோடைப் புழுக்கத்துக்கு ஜன்னல் திறப்பும் மின்விசிறியுமே கதியாக இருந்தன. ஆனால் இருபத்தைந்து டாலர் போன்ற தொகைக்கு அந்த தேசத்தில் அப்போது வேறெங்கே அறை கிடைத்தது? இரவில் சரக்கு ரயில் நீண்ட நேரம் கடந்து செல்லும் ஓசை கேட்டது. அந்த அறையைக் கண்டு முகம் சுளித்து எழுதிய பிரயாணிகளும் உண்டு. மூன்று நாள் மழையில் நனைந்து, ஈரமான உறக்கப்பையில் சுருண்டு படுத்து எழுந்தவனிடம், கதவடைத்துக்கொள்ளக்கூடிய நான்கு சுவர்களும் உலர்ந்த படுக்கையும் எப்படியிருந்தன என்று கேட்டுப் பார்த்தால், அவன் சொல்லும் பதில் வேறாக இருக்கும். நான் அவன் பக்கம்.

கீழ்த்தளத்தில் இருந்தது பார். வெறும் குடிசாலை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். சமையற்கட்டும், சாப்பாட்டு மேஜையும், தபால் கிடங்கும், செய்தி நிலையமும் எல்லாம் அதுவாகவே இருந்தது. நடப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய உணவையும் புதிய காலணியையும் முன்கூட்டியே மூட்டை கட்டி, எதிர்ப்படும் ஊர்களின் தபாலாபீசுக்கோ விடுதிக்கோ அனுப்பி வைப்பது வழக்கம். அப்படி வந்த மூட்டைகளை டாயில்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து பெயர் கேட்டுக் கொடுப்பார்கள். இவ்வழியெங்கும் உள்ள தங்குமிடங்களில் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருப்பதும் மரபு. ஒருவனுக்கு மிஞ்சிய அரிசி, கயிறு, காலுறை, படித்து முடித்த புத்தகம் எதுவானாலும் அதில் போடலாம். வேண்டியவன் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம். வருகைப் புத்தகம் ஒன்றும் இருக்கும். முன்னே போனவன் எந்தத் தேதியில் போனான், அவன் முழங்கால் வலி எப்படி, மேலே எந்தச் சுனை வற்றிவிட்டது என்பதெல்லாம் அதிலிருந்து தெரியும். அதில் கையெழுத்திடுவது சொந்தப் பெயரால் அன்று. பாதையில் தோழர்கள் சூட்டிய பட்டப்பெயரால். ஆகவே மேஜையில் பக்கத்தில் அமர்ந்து பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் இரண்டாம் முறையாக வரவழைத்து உண்பவர் வக்கீலா, வேலை இழந்த தச்சரா, போரிலிருந்து திரும்பியவரா என்பது மாதக்கணக்கில் கூட நடப்பவர்களுக்கே தெரியாமலிருக்கும். அந்தப் பிரதேசத்தில் லாகர் என்று மட்டும் கேட்டால், பாட்ஸ்வில் நகரில் 1829 முதல் வடிக்கப்பட்டுவரும் யூங்லிங் பீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளூர்த் தொழிலாளிகளும் மாலையில் டாயிலின் பாருக்குத்தான் வந்தார்கள். ஆலை மனிதரும் மலை மனிதரும் ஒரே பலகையில் முழங்கையூன்றி அமர வேண்டும் என்று 1921-இல் மக்காய் விரும்பியது, அவர் வரைந்த முகாமில் நடக்கவில்லை. பழைய பீர்க்கடையில் நடந்தது.

2001-ஆம் ஆண்டு முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஒரு தம்பதியர் இவ்விடுதியை நடத்தினார்கள். நூறாண்டுக் கட்டடத்தின் கூரையும் குழாய்களும் கேட்கும் செலவோ ஓயாதது; நடப்பவர்கள் கூட்டமாக வருவதோ ஆண்டில் சில மாதங்கள் மட்டும்; வாடகையை உயர்த்தினால் யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்களோ அவர்களே வரமாட்டார்கள். இந்தக் கணக்கு எந்த வியாபாரிக்கும் உவப்பானதன்று. அப்படியிருந்தும் இருபது ஆண்டு அடுப்பு மூட்டியதை நான் தர்மம் என்றே கருதுகிறேன். 2021-இல் விடுதி கைமாறிற்று.

நடப்பவர்களுக்குப் புகலிடம் தரும் வேறு இடங்களும் உண்டு. டெலவேர் நதி மலையைப் பிளந்து ஓடும் இடத்தில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தார் 1970-களிலிருந்து தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தை நடப்பவர்களுக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். மேய்ன் ராஜ்யத்தில், கடைகளற்ற நூறு மைல் வனாந்தரத்துக்குள் புகுமுன் உள்ள கடைசி ஊரான மான்சனில், 1977 முதல் ஒரு வீட்டு விடுதி காலையுணவுக்குப் புகழ்பெற்றது. வெர்மாண்ட் ராஜ்யத்தில் கில்லிங்டன் மலைக்கருகே ஷெர்பர்ன் கணவாயில் 1938-இல் எழுந்த லாங் டிரெயில் விடுதியோ இவற்றினும் கம்பீரமானது. அங்கே மலைப்பாறையை உடைக்க மனமின்றி, அதை ஒட்டியே சுவரெழுப்பியிருப்பதால், ஐரிஷ் பாணியிலுள்ள பாரில் உட்கார்ந்தால் பிரம்மாண்டமான பாறையின் ஒரு புறம் அறைக்குள்ளேயே வந்து நிற்பதைக் காணலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. எனினும் டாயிலின் எளிமைக்கு அதை ஈடாகச் சொல்ல மாட்டேன்.

டங்கனனை விட்டு மறுநாள் காலை புறப்படுகிறவன், ஜூனியாட்டா பாலத்தையும் அடுத்து ஸஸ்குவஹானாவின் நீண்ட கிளார்க்ஸ் பெர்ரி பாலத்தையும் கடந்து பீட்டர்ஸ் மலையில் ஏறுகிறான். அதற்குமேல் பென்சில்வேனியாவின் மிச்சப் பகுதி முழுதும் கூரிய கற்கள். காலணியின் அடித்தோலைத் தின்றுவிடும் அந்தக் கற்களுக்கு அஞ்சாதவர் இல்லை. அக்டோபரில் கட்டாடின் மலையடிவார முகாம்கள் அடைபடுவதற்குள் அவன் இன்னும் ஆயிரம் மைலுக்குமேல் நடந்தாக வேண்டும்.

நேயர்களில் பலருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கக்கூடும். அவர்களைப் பார்க்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். நயாகராவையும் வாஷிங்டனையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பாதை ஓரத்து ஊர் ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். பழைய விடுதி ஒன்றின் கீழ்த்தளத்தில் அமர்ந்து ஒருவேளை சாப்பிட்டு உரிய பணத்தைக் கொடுங்கள்; பக்கத்து மேஜையில் மூட்டையோடு இருப்பவரிடம் எங்கிருந்து நடந்து வருகிறார் என்று கேளுங்கள், அவர் மகிழ்ச்சியோடு சொல்வார். ஹாரிஸ்பர்க் நகரம் பிலடெல்பியாவிலிருந்து மோட்டாரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். வடக்கு நோக்கி நடப்பவர்கள் அப்பக்கம் மிகுதியாக வருவது ஜூன் மாதத்தில்.