தலையாட்டியும் கமராவும்

(வலிகாமத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய ஊர்க்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானப் புதினங்களையும் அரசாங்கத்தின் கண்காணிப்புப் புதினங்களையும் கேட்டு எம்மவர் சிரிக்கும் சிரிப்பைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு ஏளனச் சிரிப்பன்று. அறியாமைச் சிரிப்பும் அன்று. பட்டறிந்தவன் சிரிக்கும் சிரிப்பு அது. ஆகவே அதன் வரலாற்றையும் சற்றுச் சொல்லவேண்டியவர்களாயிருக்கிறோம்.

2013ஆம் ஆண்டிலே எட்வேட் ஸ்னோடன் என்பவர் அமெரிக்க அரசு தன் குடிகளின் தொலைபேசி விபரங்களையெல்லாம் மூட்டைகட்டி வைத்திருக்கிறது என்ற இரகசியத்தை உலகுக்கு வெளியிட்டார். உலகம் வாய்பிளந்து நின்றது. 2021ஆம் ஆண்டிலே 'பெகாசஸ்' என்னும் இஸ்ரேலிய உளவு மென்பொருள் பத்திரிகையாளரின் கைத்தொலைபேசிகளுக்குள் புகுந்த கதை வெளிவந்தது. மீண்டும் உலகம் திகைத்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலோ, "இதற்கா இவ்வளவு ஆரவாரம்?" என்றே கேட்டார்கள். எழுதப்படுவதும், எண்ணப்படுவதும், படம்பிடிக்கப்படுவதும் எமக்கு எந்த மென்பொருளும் பிறப்பதற்கு முன்னரே பழகிப்போன சங்கதிகள்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அடையாள அட்டையையே பாருங்கள். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்டு வருவது அது. பழைய அட்டையின் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் பிறந்தோம் என்பது. பெண்ணாயின் அதனோடு 500ஐக் கூட்டிக்கொள்வார்கள். பெண்ணிடம் வயதைக் கேட்பது பண்பன்று என்று சொல்லும் உலகிலே, ஒவ்வொரு பெண்ணும் தன் வயதைக் கையில் ஏந்தித் திரியவேண்டுமென்று விதித்தது எங்கள் நாடு. போர்க்காலத்தில் அவ்வட்டையை வீட்டில் மறந்துவிட்டு வீதிக்கு வந்தவன் பட்ட பாட்டை இங்கிருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்த பின்னரும், 2011ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடுவீடாக வந்து குடும்பத்தாரைப் பதிவுசெய்யத் தலைப்பட்டனர். குடும்பமாக நிறுத்திப் படமும் எடுத்தனர். திருமணத்தன்றுகூட ஒன்றாக நின்று படமெடுத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு இலவசமாய்க் கிடைத்த ஒரே குடும்பப்படம் இதுதான். ஆனால் பிரதிதான் தரமாட்டார்கள் என்று அப்போது நகையாடினார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர்நீதிமன்றம் சென்று அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தபோது, அப்பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு மன்றிலே உறுதியளித்தது. நகையாடியவர்களால் அது நிற்கவில்லை, மனுவால் நின்றது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

இப்போது எல்லாரும் முகத்தை அடையாளங் காணும் கமராவைப் பற்றிப் பேசுகிறார்கள். கூட்டத்தில் நிற்கும் ஆயிரம் பேரில் ஒருவனை நொடிப்பொழுதில் பொறுக்கியெடுத்துவிடுமாம். பெரிய புதுமை என்கிறார்கள். எங்களுக்கு அது புதுமையா? சுற்றிவளைப்பு நாட்களை நினைத்துப் பாருங்கள். அதிகாலையிலே ஊரை வளைத்து, ஆண்கள் அனைவரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிச் சென்று வரிசையாக நடக்கவிடுவார்கள். வரிசையின் முடிவிலே, கண்ணிருக்கும் இடத்தில் மாத்திரம் இரண்டு ஓட்டைகள் உள்ள சாக்கையோ முகமூடியையோ போட்ட ஒருவன் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னே நிற்கவேண்டும். அவன் தலையை அசைக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைத்துவிட்டால் வாகனத்தில் ஏறவேண்டும். இந்திய அமைதிப்படை இருந்த காலத்திலும் அதன் பின்னரும் ஊர் அவனுக்கு இட்ட பெயர் 'தலையாட்டி'. அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, பற்றரி தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: அதன் உள்ளே இருந்தவனின் அச்சம்.

அந்த இயந்திரம் பிழைவிட்டதா? விட்டது. எத்தனை தடவை விட்டது என்பதை எண்ணுவாரில்லை. தலையாட்டாவிட்டால் தனக்கு அடி என்று பயந்தவன், யாருக்காவது ஆட்டித்தானே தீரவேண்டும்? கமரா அடிக்குப் பயந்து ஆட்டுவதில்லை என்று விஞ்ஞானம் படித்த இளைஞர்கள் சொல்வார்கள். உண்மை. ஆனால் அமெரிக்காவின் டிற்றொயிற் நகருக்கு அருகே 2020ஆம் ஆண்டில், இயந்திரம் தவறாக முகம் பொருத்தியதனால் குற்றமற்ற கறுப்பினத்தவர் ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே கைதுசெய்யப்பட்டார் என்ற செய்தி வெளிவந்ததே, அதை என்னென்பது? பிழைவிட்ட தலையாட்டி, அச்சத்தினால் ஆட்டினான் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு அந்தச் சமாதானமும் இல்லை. தலையாட்டியையும் கேள்வி கேட்க முடியவில்லை; கமராவையும் கேள்வி கேட்க முடியவில்லை. இருவருக்கும் உள்ள உறவு இதுதான்.

எம்மவர் விஞ்ஞானத்துக்குப் பகைவர் என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். 1990ஆம் ஆண்டு முதல் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை, பற்றரிக்குத் தடை. அக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தியாளரின் குரலும் களைக்கும். பெற்றோலைச் சில துளி காட்டி, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். ஜாம் போத்தலிலே விளக்குச் செய்து பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தார்கள். இவை எந்தப் பரிசுக்காகவும் நடந்தவை அல்ல. பொறி நுட்பத்தை அஞ்சும் சமூகம் செய்யும் காரியங்களா இவை?

ஆயினும் 2019ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நகரில் ஒரு சங்கதி நடந்தது. மாநகரசபை 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்களை நாட்ட முற்பட்டது. அவை ஐந்தாந் தலைமுறை அலைக்கம்பங்கள் என்றும், கதிர்வீச்சினால் பறவைகள் மடியும், குழந்தைகளுக்கு நோய் வரும் என்றும் பேச்சு எழுந்தது. எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். அப்போது இலங்கையில் ஐந்தாந் தலைமுறைச் சேவை வணிகரீதியாகத் தொடங்கியிருக்கவே இல்லை. வானொலி அலை, தொலைபேசி அலை என்பன உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் வலுவற்றவை என்பது பௌதிகம் படித்த எவரும் சொல்லக்கூடியது. அது மேல்நாட்டாருக்கும் விளங்கவில்லை என்பது வேறு விடயம். 2020ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் கொரோனாவைப் பரப்புகின்றன என்று சொல்லி அலைக்கம்பங்களுக்குத் தீ வைத்தார்கள். அங்கே தீ வைத்தார்கள், இங்கே சுலோக அட்டை பிடித்தார்கள். நாகரிகத்தில் யார் உயர்ந்தவர் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆனால் அந்த மக்களை ஏளனஞ் செய்த படித்தவர்களோடு நாம் உடன்படவில்லை. கம்பம் கதிரை வீசுமா என்பது பிழையான கேள்வியாயிருக்கலாம். கம்பத்தை எவர் நாட்டுகிறார், எந்த ஒப்பந்தத்தின் கீழ் நாட்டுகிறார், அதிலே பின்னர் கமரா பொருத்தப்படுமா, அந்தக் கமரா பார்ப்பதை எவர் பார்ப்பார் என்பவை சரியான கேள்விகள். இத்தகைய கம்பம் விளக்கை மட்டுந் தாங்குவதற்கென்று செய்யப்படுவதன்று. தொலைபேசி அலைக்கருவியையும், வேண்டின் கமராவையும் தாங்குவதற்கென்றே செய்யப்படுவது. தன் வீட்டு வாசலில் சொல்லாமல் நடப்பட்ட எதையும் யாழ்ப்பாணத்தான் சந்தேகிப்பான். முன்னைய காலத்தில் சொல்லாமல் நடப்பட்டவை காவலரண்கள். விளக்கம் சொல்லவேண்டியவர்கள் முன்னரே சொல்லியிருந்தால், மக்கள் பறவைகளைப் பற்றிக் கவலைப்பட நேர்ந்திராது.

தீவகத்தாரின் கதை இன்னும் சுவையானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் டீசல் இயந்திரத்தால் வரும் மின்சாரத்துக்குப் பதிலாகச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தர 2021ஆம் ஆண்டில் சீனக் கொம்பனியொன்றுக்கு அனுமதி வழங்கப்பட்டது. இந்தியா கவலை கொண்டது. காற்றாடி சுழன்றால் இராமேசுவரம் தெரியுமோ என்ற ஐயம் போலும்! அவ்வாண்டு முடிவதற்குள், மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டத்தை இடைநிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனைத் தரிசிக்கவும் வந்தார். 2022இல் திட்டம் இந்தியாவின் நன்கொடையாக மாறியது. 2024 மார்ச்சிலே இந்தியக் கொம்பனியோடு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. உலகின் இரண்டு பேரரசுகள் ஒரு மின்குமிழுக்காகச் சண்டையிட்டதைத் தீவகத்தார் டீசல் விளக்கின் கீழிருந்து பார்த்தார்கள். எந்த நாட்டு ஒற்றன் வந்தாலும் பரவாயில்லை, வரும்போது மின்சாரத்தையும் கொண்டுவரட்டும் என்ற அவர்களின் பகிடியில் எத்துணை அரசியல் ஞானம்!

2022 ஏப்பிரல் 3ஆந் திகதி அரசு சமூக ஊடகங்களைத் தடைசெய்ததும், அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே வி.பி.என். வழியாக அத்தடையைக் கடந்து வந்து இத்தகைய தடைகள் பயனற்றவை என்று எழுதியதும் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் நகைச்சுவை சேர்க்க இடமில்லை.

அவ்வாண்டு யூலையிலே எரிபொருளுக்கு 'கியூ.ஆர்.' அட்டை வந்தது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்தால் வாரத்துக்கு இத்தனை லீற்றர். கூப்பனையும் வரிசையையும் கண்டு வளர்ந்த எமக்கு அது பழைய கூப்பனின் பேரப்பிள்ளையாகவே தோன்றியது. வரிசைக் குழப்பத்தை அது குறைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் வாகனமுள்ளவனை அறிந்த அளவுக்கு இறைப்பு இயந்திரமுள்ளவனை அது அறிந்திருக்கவில்லை. வெங்காயப் பயிர் வாடும்போது, பட்டியலில் இல்லாதவனுக்கு எந்தக் கட்டமும் வழிகாட்டாது. இயந்திரத்தின் பட்டியலில் எவர் இருக்கிறார் என்பதிலும், எவர் இல்லை என்பதிலே ஆபத்து அதிகம்.

இங்கேதான் நாம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பேசவேண்டிய இடத்துக்கு வருகிறோம். இந்தியாவின் நன்கொடையோடு டிஜிற்றல் அடையாள அட்டைத் திட்டமொன்று இலங்கையிலே முன்னெடுக்கப்பட்டு வருகிறது. முகம், கண்மணி, விரல் ஆகியவற்றின் அடையாளங்கள் அதிலே பதியப்படவுள்ளன. எமது பாட்டன்மார் எழுத்தறியாமையால் உறுதிகளிலே பெருவிரல் பதித்தார்கள். அந்த இழிவு பிள்ளைகளுக்கு வரக்கூடாதென்று காணி விற்றுப் படிப்பித்தார்கள். படித்துப் பட்டம் பெற்ற பேரனிடம், "எழுத்து வேண்டாம், விரலைத் தா" என்கிறது விஞ்ஞானம்! இது சிரிப்புக்குரியது. சிரிப்புக்குரியதல்லாதது, மண்வெட்டி பிடித்த விரலிலே ரேகை தேய்ந்திருக்கும் என்பது. சுண்ணாம்பும் உரமும் பட்ட கையிலே இயந்திரம் எதை வாசிக்கும்? இந்தியாவிலே ஆதார் திட்டத்தில் கூலித்தொழிலாளரின் ரேகை வாசிக்கப்படாமற் பங்கீட்டுக் கடையிலே திருப்பியனுப்பப்பட்டவர் பலர். 2017ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலத்திலே, ஆதாரோடு இணைக்கப்படாத பங்கீட்டட்டை நீக்கப்பட்டபின் தன் பதினொரு வயது மகள் பட்டினியால் மடிந்தாள் என்று ஒரு தாய் சொன்னாள்; அதிகாரிகள் நோயால் மடிந்தாள் என்றார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி இந்திய உயர்நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்திலே அது தனியோர் உரிமையாக எழுதப்படவில்லை.

எமக்குச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம், ஆனால் தேசிய பாதுகாப்பு என்ற கதவு அதிலும் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கதவு எவ்வளவு அகலமானது என்று நாம் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலே இருப்பவனுக்கு அவனது விரலடையாளம் வங்கிக்கணக்கைத் திறக்கும் திறப்பு. அதே விரலடையாளம், நினைவேந்தலுக்குப் போய்வந்த வல்வெட்டித்துறையானுக்கு என்னவாகும் என்ற கேள்விக்கு விடை சட்டத்திலே எழுதப்பட்டிருக்கவேண்டும். அதிகாரியின் நல்லெண்ணத்திலே விடப்பட்டிருக்கக்கூடாது.

அட்டையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கந்தோர் கந்தோராய் அலையும் கமக்காரனின் காலைக் காப்பாற்றும் அட்டையாயின் அது வரட்டும். அதன் படிவம் தமிழிலே இருக்கவேண்டும். ரேகை வாசிக்கப்படாதவனுக்கு வேறு வழி எழுத்திலே இருக்கவேண்டும். எவர் எமது பதிவைத் திறந்து பார்த்தார் என்பதை நாம் கேட்டறியும் உரிமை வேண்டும். படையினர் திறப்பதாயின் நீதவானின் கட்டளை வேண்டும். பாராளுமன்றத்திலே எமது பிரதிநிதிகள் இந்த நான்கையும் பேசவேண்டும். பேசாதவரிடம் தேர்தல் காலத்திலே நீங்கள் கேட்கவேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டியதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எமது கையிலே இருக்கிறது. உங்கள் சந்தியிலே ஒரு கம்பமோ கமராவோ முளைத்தால், அதன் ஒப்பந்தப் பிரதியைப் பிரதேச சபையிடமோ மாநகரசபையிடமோ எழுத்திலே கேட்கலாம். தமிழிலே கேட்கலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு தரவேண்டியது அவர்கள் கடமை. தராவிட்டால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. விண்ணப்பப் படிவங்கள் வாசலிலே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. கையெழுத்திடத் தெரிந்தவர்கள் கையெழுத்திடுங்கள். விரலடையாளம் மட்டுந்தான் வரும் என்போருக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.