சாம்பலைப் பகிர முன்வருவோர் யார்?



ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலைக்கு மூலப்பொருள் ஆகும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. அனல்மின் நிலையச் சாம்பல் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் உதவும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஆயினும் அது குளங்களில் குவிந்துகொண்டே இருந்தது. காரணம், கொட்டுவது மலிவு, கொண்டுசேர்ப்பது செலவு.

அனல்மின் நிலையங்கள் செங்கல் தயாரிப்போருக்குச் சாம்பலை இலவசமாக வழங்க வேண்டும் என்று 1999இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. சிமென்ட் ஆலைகளின் தேவை பெருகியதும் உலர்சாம்பல் விலைப்பொருளாயிற்று. வாங்குவோரற்ற சாம்பல் குளத்திலேயே தேங்கியது. 2020 ஏப்ரலில் சிங்ரௌலியில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து மனித உயிர்கள் பலியாயின. பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு விதிக்கும் அறிவிக்கை 2021 டிசம்பர் 31 அன்றுதான் வந்தது.

ஆகவே நிறுவனங்களின் ஆயத்தநிலையை நிர்வாகிகளின் நல்லெண்ண அறிக்கைகளைக் கொண்டு மதிப்பிடலாகாது. மூன்று கேள்விகள் போதும்: கழிவின் அளவும் தன்மையும் மக்கள்முன் வைக்கப்படுகின்றனவா? போக்குவரத்துச் செலவை ஏற்பவர் யார்? லாபம் தராத கழிவுக்கு யார் பொறுப்பு?

இக்கேள்விகளை எழுப்பும் முதல் உரிமை ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் குளக்கரைக் கிராமத்தாருக்கும் உரியது. அவர்களை ஒரே அணியில் திரட்டுவதே இயக்கத்தின் கடமை.