அளவறிந்து நடப்போம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், காலை நடைக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை வழங்குவோர் உண்டு. எங்களுக்கு இவ்வாண்டு தரப்பட்ட பொருள் உடற்பயிற்சி. "காலை நடைக் குழுவினராகிய நீங்கள் உங்கள் பட்டறிவைக் கூறுங்கள்" என்று செயலாளர் பணித்தார். பட்டறிவு என்பது பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு. நாங்கள் பட்டோம்; பிறர் சிலரைப் படவும் வைத்தோம். அதனையே இன்று ஒளியாமற் சொல்ல வந்திருக்கின்றோம்.

பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். நம்மிற் பெரும்பாலோர் நாற்காலியில் அமர்ந்து உழைப்பவர்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம். போகவர இரண்டு மணி நேரம். வீடு திரும்பிய பின் கைப்பேசியின் முன் மேலும் சிறிது நேரம். உடல் அசையாதிருக்கும் இவ்வேளைகளில் உள்ளம் மட்டும் ஓய்வின்றி ஓடுகின்றது. ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையர், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று கவலைகள் பல. நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கின்றது. களைப்பும் அச்சமும் இவ்வாறே நம்மிடம் ஒருங்கே குடியேறுகின்றன.

இதற்கு நடை நல்ல துணை என்பதில் ஐயமில்லை. 1953-ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் இலண்டன் பேருந்துப் பணியாளரைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். ஒரே வண்டியில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார்; நடத்துநரோ மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தார். நடத்துநர்களிடையே இதய நோய் குறைவாகக் காணப்பட்டது. உலக நல நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பை மேற்கொள்ளுமாறு கூறுகின்றது. அஃது இதயத்திற்கு மட்டுமன்றி, கவலை தணியவும் உறக்கம் சீர்படவும் உதவும் என்றும் குறிப்பிடுகின்றது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் நாங்கள் குழு அமைத்தோம். ஆனால் படித்தவற்றுள் பயனை மட்டும் பற்றிக்கொண்டோம்; அளவை விட்டுவிட்டோம்.

எங்களோடு நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதை எட்டியவர். உடன் பணியாற்றியவர் மாரடைப்பால் திடீரென மறைந்த நாள் முதல் அவருக்கு நல்ல உறக்கமில்லை. "நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தால் உமக்கு ஒன்றும் வராது" என்று நாங்கள் உறுதி கூறினோம். அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றையும் வாங்கச் செய்தோம். கணக்கு நிறையாத நாள்களில், இரவு பதினொரு மணிக்கும் அவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்பதை அவருடைய துணைவியார் பின்னரே எங்களிடம் சொன்னார்.

மார்கழிக் காலை ஒன்றில், அரைகுறை உறக்கத்தோடும் வெறும் வயிற்றில் இருமுறை அருந்திய காப்பியோடும் வந்தவர், எங்களுக்கு ஈடுகொடுக்க விரைந்து நடந்து, பூங்காவின் நடுவே அமர்ந்துவிட்டார். கைகள் நடுங்கின, விரல்கள் மரத்தன, "இதோ போகிறேன்" என்றார். மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். இதயத்தில் பழுதில்லை, இது பேரச்சத்தின் தாக்குதல் என்று சோதனைகளின் பின் மருத்துவர் விளக்கினார். வெளியே வந்ததும் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? "ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு பயம்?" என்று சிரித்தோம். அதன் பின் மூன்று திங்கள் அவர் நடக்க வரவில்லை.

அஃது ஒன்றுமில்லாதது அன்று. அஞ்சும்போது உடலில் அட்ரினலின் சுரக்கின்றது. இதயம் விரைகின்றது, மூச்சு மிகுகின்றது, வியர்க்கின்றது. விரைந்து நடக்கும்போதும் இவையே நிகழ்கின்றன. ஆகவே அச்சம் மிகுந்தவர், பயிற்சியால் எழும் படபடப்பையே ஆபத்தின் அறிகுறியாகக் கொள்கின்றார். அதனால் மேலும் விரைந்து மூச்சு வாங்குகின்றார், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகின்றது, விரல் மரக்கின்றது, அச்சம் இரட்டிக்கின்றது. இந்த வட்டத்தை உடைக்கவும் பயிற்சியே உதவும். சிறுகச் சிறுகப் பழகினால், 'இதயம் விரைந்தது, பின்னர் தானே அடங்கியது' என்று உடல் கற்றுக்கொள்கின்றது. ஒரே நாளில் துரத்தினாலோ அச்சத்தையே கற்றுக்கொள்கின்றது.

நாங்கள் வேதவாக்காகக் கொண்ட அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து! அப்பெயருக்கே 'பத்தாயிர அடி அளவி' என்பதுதான் பொருள். வணிகப் பெயர் ஒன்று எங்கள் நண்பரின் உறக்கத்தைப் பறிக்க நாங்கள் துணை நின்றோம்.

இரண்டாவது தவறு இன்னும் வருந்தத்தக்கது. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த சகோதரி ஒருவர், நான்கு படி ஏறினாலே களைப்பதாகச் சொல்லிவந்தார். "உடம்பை வளைக்காததால் வரும் சோர்வு, நாளை முதல் நடக்க வாருங்கள்" என்று அறிவுரை வழங்கினோம். அவரும் வந்தார், நாளுக்கு நாள் வெளிறினார். பின்னர் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டுக் கிராம்தான் இருந்தது. கருவுறாத பெண்டிர்க்குப் பன்னிரண்டு கிராமேனும் இருத்தல் வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உடையவர்கள். அச்சகோதரிக்கு வேண்டியிருந்தது ஊக்கவுரை அன்று, மருத்துவம்.

களைப்பு என்பது ஒரு சொல். அதன் காரணங்கள் பல. இரத்த சோகை, தைராய்டுக் குறை, நீரிழிவு, உறக்கக் கேடு, மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகிய யாவும் களைப்பாகவே வெளிப்படும். கொரோனா போன்ற நோய்க்குப் பின் சிலருக்கு நெடுங்களைப்பு நேர்கின்றது. இன்று சிறிது உழைத்தால் நாளையோ மறுநாளோ படுக்கையில் வீழ்வாராயின், அத்தகையோரை 'இன்னும் கொஞ்சம்' என்று தூண்டுதல் தீங்காகும். அவர் தம் ஆற்றலின் எல்லைக்குள் உழைப்பையும் ஓய்வையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மருத்துவரின் வழிகாட்டலும் வேண்டும்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் எங்களுக்குக் கற்பித்தவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, தொடங்குமுன் காரணம் தேடுக. வாரக்கணக்கில் நீங்காத களைப்பிற்கு முதலில் சோதனை, பிறகே பயிற்சி.

இரண்டாவது, நல்ல நாளின் வலிமையைக் கொண்டு அளவு வகுக்காதீர். தளர்ந்த நாளிலும் இயலக்கூடியதே உமது தொடக்கம். பத்து நிமிடமாயின் பத்து நிமிடமே. அது ஓரிரு வாரம் எளிதாக நடந்தபின் சிறிது கூட்டுக. நடக்கும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். பேச்சே திணறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்க. இரத்த அழுத்தத்திற்கென உட்கொள்ளும் சில மருந்துகள் நாடித் துடிப்பைக் குறைத்துக் காட்டும். ஆதலின் கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பற்க.

மூன்றாவது, தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெல்ல நடக்க. விரைந்து நடந்து திடீரென நின்றால், இரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றும். அஞ்சுவோர்க்கு அதுவே பேரச்சத்தின் வாயிலாகும். படபடப்பு எழுந்தால் வேகத்தைத் தணித்து, மூச்சை உள்ளிழுப்பதினும் நெடிதாக வெளிவிடுக. படபடப்பு மிகுந்தவர்கள் நடைக்கு முன் காப்பியைத் தவிர்த்தல் நன்று. தமிழர்க்கு இது கடுந்தவமென்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம்.

நான்காவது, இந்த நகரின் காற்றை அறிக. குளிர்காலத்தில் தில்லியின் வைகறைப் பொழுது நடைக்கு நல்ல பொழுதன்று. குளிர்ந்த காற்று நிலத்தை ஒட்டித் தங்க, புகையும் தூசியும் அதனோடு தங்கிவிடுகின்றன. வெயில் ஏறியபின் ஓரளவு கலைகின்றன. 2015 முதல் நம் நாட்டில் காற்றுத் தரக் குறியீடு வெளியிடப்படுகின்றது. 200-ஐக் கடந்தால் மோசம், 300-ஐக் கடந்தால் மிக மோசம், 400-ஐக் கடந்தால் கடுமை. மோசமான நாள்களில் வெளியே விரையாமல் வீட்டுக்குள்ளேயே கை கால்களை இயக்குக. நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தலும் பயிற்சியே. கோடையிலோ வெயில் ஏறுமுன் நடையை முடித்துக்கொள்க.

ஐந்தாவது, எல்லாவற்றையும் அச்சமென்று தள்ளிவிடாதீர். நெஞ்சில் அழுத்தும் வலி, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், ஓய்ந்தபின்னும் தணியாத மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், இதயமா அச்சமா என்று பூங்காவில் நின்று ஆராய்தல் கூடாது. 112-ஐ அழைத்து மருத்துவமனை சேர்வதே முறை. நாள்தோறும் வருத்தும் அச்சத்திற்கு, அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் 14416 இருக்கின்றது. தமிழிலும் பேசலாம்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மிகுதி, குறைவு ஆகிய இரண்டையும் நோய்க்குக் காரணமாக வைத்தார். குறைவைக் கண்டு அஞ்சி மிகுதியில் வீழ்ந்தவர்கள் நாங்கள்.

நண்பர் இப்போது மீண்டும் எங்களோடு நடக்கின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டார். மருத்துவரின் சிகிச்சையும் பெற்றுவருகின்றார். முதல் வாரம் தம் வீட்டு வாயிலிலிருந்து தெருமுனை வரைதான் வந்தார்; நாங்களும் அதுவரைதான் நடந்தோம். சென்ற திங்களில் இராமகிருஷ்ணபுரம் மலைமந்திரின் படிகளை இடையிடையே நின்று நின்று ஏறினார். மேலே சென்றதும், "இதயம் அடிக்கிறது, அடிக்கட்டும்" என்றார். எங்களுக்கு அன்று அதனினும் இனிய சொல் வேறில்லை.

அவர் இசைவு பெற்றே இவற்றைச் சொன்னோம். இந்த அவையிலேதான் அமர்ந்திருக்கின்றார். அன்று மருத்துவமனை வாயிலில் சிரித்ததற்காக, உங்கள் அனைவர் முன்னும் அவரிடம் மன்னிப்புக் கோருகின்றோம். இப்போது எங்கள் குழுவிற்கு ஒரே ஒரு விதி உண்டு: மிக மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய வேகமே குழுவின் வேகம். அஞ்சுவோரும் களைத்தோரும் தயங்காமல் வருக. உங்களுக்காக நின்று நடப்போம்.