உரிமம் இருந்தும் உயிர் போயிற்று!

(கழகப் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டப்படி நடப்பவனுக்கு அச்சம் எதற்கு என்று கேட்பார்கள். ‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால், மடியிலே கனம் இருந்தது. அந்தக் கனத்துக்குச் சர்க்கார் தந்த உரிமமும் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லும் நேர்மையும் இருந்தது. அப்படியும் ஒருவர் வழியிலே வீழ்த்தப்பட்டார் என்றால், அந்தப் பழமொழியை நாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

அமெரிக்க நாட்டிலே மினசோட்டா என்றொரு மாநிலம். அதன் தலைநகர் செயின்ட் பால். அந்நகரத்துப் பள்ளி ஒன்றின் உணவுக்கூடத்திலே மேற்பார்வையாளராக இருந்தவர் பிலாண்டோ காஸ்டில். நம் ஊர்ச் சத்துணவு அமைப்பாளரைப் போன்ற பணி. எந்தக் குழந்தைக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை நினைவில் வைத்துப் பரிமாறியவர் என்று பள்ளியிலே பணியாற்றியவர்கள் சொன்னார்கள். வயது 32. நிறம் கறுப்பு.

2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் இரவு. ஃபால்கன் ஹைட்ஸ் என்னும் ஊரிலே அவருடைய கார் நிறுத்தப்படுகிறது. உடன் இருந்தவர்கள் அவருடைய தோழியும், அந்த அம்மையாரின் நான்கு வயதுப் பெண் குழந்தையும். பின்விளக்கு எரியவில்லை என்பது அவரிடம் சொல்லப்பட்ட காரணம். ஆனால், அதற்கு முன்பே காவல் அதிகாரி தம் வானொலியிலே சொன்ன காரணம் வேறு: கொள்ளை வழக்கொன்றிலே தேடப்படுபவனைப் போல இருக்கிறாராம், மூக்கு அகன்றிருக்கிறதாம்! தோழர்களே, மூக்கின் அகலத்தைக் கொண்டு குற்றத்தின் ஆழத்தை அளக்கும் விந்தையை எண்ணிப் பாருங்கள்!

அவர் நிறுத்தப்பட்டது அதுதான் முதல் தடவையா? இல்லை. 2002-ஆம் ஆண்டு முதல் குறைந்தது 46 தடவை சாலையிலே நிறுத்தப்பட்டவர் அவர். பெரும்பாலும் அற்பக் காரணங்கள். கட்டச் சொன்ன அபராதமோ 6,000 டாலருக்கு மேல். எனவே, காவலரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதிகாரி ஓட்டுநர் உரிமத்தையும் காப்புறுதிச் சீட்டையும் கேட்டார். காஸ்டில் காப்புறுதிச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு, ‘ஐயா’ என்று மரியாதையோடு விளித்து, தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே தெரிவித்தார். அதைத் தொடாதே என்றார் அதிகாரி. அதைத் தொடவில்லை என்றார் இவர். சில நொடிகள்! ஏழு குண்டுகள்! ஐந்து அவர் உடலிலே பாய்ந்தன. பின்னிருக்கையிலே குழந்தை. அதை எடுக்கப் போகவில்லை என்பதே அவர் இறுதியாக உரைத்தது.

மினசோட்டா சட்டம் என்ன சொல்கிறது? துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர், காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டால் சொல்ல வேண்டும். கேளாமலே முந்திச் சொல் என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை. அப்படிக் கட்டளையிடும் மாநிலங்களும் அங்கே உண்டு. மிச்சிகன் அவற்றிலே ஒன்று. ஆக, காஸ்டில் சட்டம் கேட்டதைவிட ஒருபடி அதிகமாகவே செய்தார். சட்டத்தை மீறியதால் அல்ல, சட்டத்துக்கு மேலும் நல்லவராக இருந்த வேளையிலே அவர் மாண்டார்!

அவர் இறந்த பின்னர், மினசோட்டா ஓட்டுநர் கையேட்டிலே துப்பாக்கி வைத்திருப்போருக்கென்று தனிப்பகுதி சேர்த்தார்கள். அந்நாட்டிலே இவ்வகை அறிவுரைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வண்டியை ஓரங்கட்டு, உள்விளக்கைப் போடு, இரு கைகளையும் ஸ்டியரிங் மீது வை, உரிமம் இருப்பதையும் ஆயுதம் இருக்கும் இடத்தையும் அமைதியாகச் சொல், அதிகாரி சொல்லும்வரை எதையும் எடுக்கக் கையை நீட்டாதே. நல்ல அறிவுரை. உயிர் வேண்டுமென்றால் கடைப்பிடிக்க வேண்டிய அறிவுரை. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை.

ஆனால், ஒன்று கேட்கிறேன். உரிமத்தைக் காட்டு என்பது ஒரு கட்டளை. கையை நீட்டாதே என்பது மறு கட்டளை. இரண்டும் ஒரே நேரத்திலே ஒருவன் மீது விழுந்தால், அவன் எதற்குக் கீழ்ப்படிவது? முன்பின் அறியாதவன் இரவிலே துப்பாக்கியோடு சன்னலருகே நிற்கும்போது பதறாமல் இருக்க வேண்டியவன் யார்? காவல் பயிற்சி பெறாத பள்ளி ஊழியனா, அந்தப் பயிற்சியும் சம்பளமும் பெற்ற அதிகாரியா? குடிமகனிடம் நிதானத்தைக் கேட்கிறது சட்டம். அதிகாரியின் பதற்றத்துக்கோ மன்னிப்பை வழங்குகிறது!

அந்த அதிகாரி, யானெஸ் என்பவர், 2014-ஆம் ஆண்டு பெற்ற பயிற்சி ஒன்றின் பெயர் ‘குண்டு துளைக்காத போர்வீரன்’. பெயரைக் கவனியுங்கள்! காவலனுக்குப் போர்வீரன் என்று பெயர் சூட்டிவிட்டால், மக்கள் யார்? பகைவர்தாமே!

வழக்கு நடந்தது. அச்சப்பட்டேன் என்றார் அதிகாரி. 1989-ஆம் ஆண்டு கிரஹாம் எதிர் கானர் வழக்கிலே அமெரிக்க உச்சநீதிமன்றம் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு: அந்த நேரத்தில், அந்த இடத்தில் நிற்கும் நியாயமான அதிகாரி ஒருவரின் பார்வையிலே பார்க்க வேண்டும் என்பது. அதிகாரியின் கண்ணாலே பார். காருக்குள் இருப்பவனின் கண்ணாலே பார்க்க ஓர் அளவுகோல் உண்டா? 2017-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி அல்லர் என்றது. பிறகு நகராட்சி, தாயாருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் கொடுத்தது. மகனைக் கொடுக்க யாரால் முடியும்?

ஆயுதம் ஏந்துவது பிறப்புரிமை என்று முழங்கும் தேசிய ரைஃபிள் சங்கம் என்ன செய்தது? சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தவன் அதன் பொருட்டே கொல்லப்பட்டபோது, அவன் பெயரைக்கூடக் குறிப்பிடாமல், விசாரணை நடக்கட்டும் என்று ஓர் அறிக்கை விட்டது!

இது தற்செயலா? வரலாற்றைப் புரட்டுங்கள். 1791-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம், ஆயுதம் வைத்திருப்பது மக்களின் உரிமை என்றது. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கிலே தலைமை நீதிபதி டேனி, கறுப்பரைக் குடிமக்களாக ஏற்றால் அவர்களும் ஆயுதம் ஏந்தித் திரிவார்களே என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார். 1865-இல் மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்றது. 1956-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டிலே குண்டு வெடித்தது; அதன் பின் அவர் துப்பாக்கி உரிமம் கேட்டார்; மறுத்துவிட்டார்கள். 1967-இல் கலிபோர்னியாவிலே கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்திலே ஏந்தத் தடைச்சட்டம் பிறந்தது. கையொப்பமிட்ட கவர்னர், ரொனால்டு ரீகன்!

நமக்கும் இது புதிதல்ல. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியனுக்கு உரிமம் வேண்டும், வெள்ளையனுக்கு விலக்கு! ஏட்டிலே ஒரு சட்டம், தோலைப் பார்த்து இரு நீதி என்பதை நாமும் அனுபவித்தவர்கள்.

தோழர்களே! துப்பாக்கி பெருகட்டும் என்று வாதாட நான் வரவில்லை. பெருகினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்நாடே சான்று. அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இன்று உரிமமே இல்லாமல் துப்பாக்கியோடு நடமாட விடுகின்றன. எல்லாரிடமும் ஆயுதம் இருக்கலாம் என்றால், நிறுத்தப்படும் ஒவ்வொரு காரும் காவலனுக்கு அச்சம். நெருங்கிவரும் ஒவ்வொரு காவலனும் கறுப்பனுக்கு அச்சம். அச்சம் இருபுறமும் இருக்கலாம். சவப்பெட்டி மட்டும் ஒருபுறமே போகிறது!

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டாம். அந்தத் தாய், வலேரி காஸ்டில், அழுதுகொண்டு மூலையிலே முடங்கவில்லை. வீதிக்கும் மன்றத்துக்கும் வந்து போராடினார். மக்களும் ஓயவில்லை. 2020-ஆம் ஆண்டு, ஜார்ஜ் ஃபிளாய்டு கொலையுண்ட பின்னர், மினசோட்டா சட்டமன்றம் அந்தப் ‘போர்வீரன்’ பயிற்சியைத் தடைசெய்தது. காஸ்டிலின் பெயரால் திரட்டிய நிதி, பள்ளிக் குழந்தைகளின் உணவுக் கடனைத் தீர்த்தது. 2023-இல் அம்மாநிலம் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விலையில்லா உணவு என்று சட்டம் செய்தது.

உரிமையை ஏட்டிலே எழுதுவது பாதி வேலை. அதைப் பயன்படுத்துகிறவன் உயிரோடு வீடு திரும்புகிறானா என்று பார்ப்பது மறுபாதி. முதற்பாதியை முடித்துவிட்டு மாலை சூடிக்கொள்வோர் பலர். அந்த மறுபாதிக்கு உழைப்பவனே இயக்கத் தொண்டன்! ஒவ்வொரு சட்டத்தையும் பார்த்து, இது யாருடைய மேனியிலே எப்படி விழுகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை விடாத வரையிலே நம் பணி தொடரும்!