பதினைந்து வீடுகள், ஒரு விளக்கு



அயல்நாட்டுப் பயணத்தில் கண்ட தேவாலயங்களைப் பற்றிப் பேச வருபவர்கள் ரோமுக்கோ ஜெருசலேமுக்கோ போய்விடுவார்கள். நான் இந்த ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டப் போகிறேன், அவ்வளவுதான். கரையோரமாக வடக்கே போனால் பட்டினப்பாக்கம், அடுத்து சாந்தோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ்காரர் ஒருவருக்கும் இத்தாலியத் துறவிகளுக்கும் அயல்நாட்டுக் கோயில் என்றால் இயேசுவின் சீடர் தோமையாருக்கு அங்கே இருந்த கோயில்தான்.

இப்போது அங்கே நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. அந்தப் பழைய பயணிகள் பார்த்த கோயில் எவ்வளவு உயரம், எத்தனை வாசல் என்று அவர்கள் எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைக் காத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியும். எனக்கு அதுவே பெரிய செய்தி.

அந்த வெனிஸ்காரர் மார்கோ போலோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நேரில் வந்தாரா, கேட்டு எழுதினாரா என்று இன்றும் வாதாடுகிறார்கள், இருக்கட்டும். வணிகர் அதிகம் வராத சிற்றூர் என்கிறார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள், அவ்விடத்து மண்ணை எடுத்துப்போய் நீரில் கரைத்துக் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். கோயிலைப் பார்த்துக்கொண்ட கிறிஸ்தவர்களுக்குத் தென்னை மரங்கள்தாம் பிழைப்பு. மரத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அரசனுக்கு வரியும் கட்டினார்களாம். தேங்காய் விற்று விளக்கெரித்த சபை அது. ஆலய வரலாறு எழுதுபவர்கள் இந்த வரியை ஏன் தாண்டிப் போகிறார்களோ தெரியவில்லை.

1291-இல் பாரசீகத்தின் தப்ரீசிலிருந்து சீனத்துக்குப் புறப்பட்ட மோந்தே கொர்வினோ ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி, இந்தியாவில் 13 மாதம் தங்கினார். சுமார் நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கூட வந்த நிக்கோலாஸ், வேறொரு சபையான டொமினிக்கன் சபைத் துறவி. அவர் இங்கேயே இறந்தார், தோமையார் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1305-இல் பீக்கிங்கிலிருந்து ஜான் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. அதே கடிதத்தில், கிழக்குச் சபையைச் சேர்ந்த சீனத்து நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள் பிற சபையாரை ஒரு சிற்றாலயம்கூட வைத்துக்கொள்ள விடுவதில்லை என்று குமுறுகிறார். இங்கே வந்த துறவிக்குக் கோயிலிலேயே கல்லறை, அங்கே சிற்றாலயத்துக்கும் தடை. ஒரே விசுவாசம் என்றாலும் ஊருக்கு ஊர் முகம் வேறு.

அடுத்த தலைமுறையில், 1320-களில், இத்தாலியத் துறவி ஒடோரிக் வந்தார். கோயிலை ஒட்டி நெஸ்தோரியர் வீடுகள் பதினைந்து என்று எண்ணினார். எண்ணிய கையோடு அவர்களை இழிந்த பதிதர்கள் என்றும் எழுதிவைத்தார். கடல் கடந்து வந்தவர், தன் ஆண்டவர் பெயரைச் சொல்லும் வீடுகளைக் கண்டு மகிழாமல் திட்டிவிட்டுப் போனது எனக்கு இன்னும் எரிச்சல்தான். கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அந்தப் பதினைந்து வீட்டார். அவர் வந்து போனவர்.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1517-இல் ஆர்மீனிய வணிகர்கள் அவர்களை அங்கே அழைத்துப்போனார்கள். அந்நாளில் எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, பாழடைந்துகொண்டிருந்த அந்தச் சிறிய கடலோரக் கோயிலை ஓர் ஏழை முஸ்லிம் பார்த்துக்கொண்டதையும், விளக்கெரிக்க அவர் பிச்சை எடுத்ததையும் குறிப்பிடுகிறார்.

ஆர்மீனியர் பிறகும் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பெத்ருஸ் உஸ்கான், தோமையார் மலையான பரங்கிமலைக்குப் படிகள் கட்டினார்; 1726-இல் சைதாப்பேட்டையில் இதே அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். இரண்டும் நடந்து வருபவர்களுக்காக. 1751-இல் இறந்தார், உடல் வேப்பேரியில், இதயம் மட்டும் அவர் ஊரான பாரசீகத்து ஜுல்பாவுக்குப் போனது.

உஸ்கான் பாலத்தில் தன் பெயரைக் கல்லில் பொறித்துவைத்தார். விளக்கெரித்தவர் பெயரைப் பார்போசா எழுதவில்லை. பதினைந்து வீட்டில் ஒருவர் பெயரையும் ஒடோரிக் எழுதவில்லை. சாந்தோம் அருங்காட்சியகத்தாருக்கு என் விண்ணப்பம் ஒன்று: பெயர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த முஸ்லிமுக்கும் தென்னை வரி கட்டியவர்களுக்கும் தமிழில் ஒரு பலகை வையுங்கள். செலவில் ஒரு பங்கை இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளை ஏற்குமா என்று மேடையில் இருப்பவர்களையும் இப்போதே கேட்டுவிடுகிறேன்.