மூன்றாந் தடவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பரீட்சையில் முதலிடம் பெற்றவர்களையே மேடையில் ஏற்றுவது நமது வழக்கம். தோற்றவன் ஒருவனைப் பேச அழைத்தமைக்காகச் சங்கத்தார்க்கு நன்றி கூறுகின்றேன். யான் இன்று வைத்தியபீடத்தில் முதலாம் வருட மாணவன். ஆயினும், உயர்தரப் பரீட்சைக்கு முதன்முறை தோற்றியபோது உயிரியலில் ஒரு சீயும், இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் ஒவ்வோர் எஸ்ஸுமே எனக்குக் கிடைத்தன. பெறுபேறு வந்த அன்று வீட்டில் எவரும் சோறு உண்ணவில்லை. அந்நாளிலிருந்து இன்றுவரை கற்றதையே உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் விதியை அறிதல் வேண்டும். தலைவிதியை அன்று, பரீட்சை விதியை! பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். 2001ஆம் ஆண்டு முதல் இஸட் புள்ளியே அனுமதிக்கு அளவுகோலாக உள்ளது. அஃது யாது? ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது. சராசரி 40, நியம விலகல் 20 ஆகவுள்ள பாடத்தில் 60 புள்ளி பெற்றவனுக்கு இஸட் புள்ளி 1. சராசரி 45, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் அதே 60 பெற்றவனுக்கு 1.5. மூன்று பாடங்களினதும் சராசரியே இறுதிக் கணக்கு. இரு பாடங்களில் 1.8 பெற்று மூன்றாவதிற் பூச்சியம் பெற்றவனுக்குச் சராசரி 1.2. மூன்றிலும் 1.4 பெற்றவனுக்கோ 1.4! விருப்பமான பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்து, வெறுத்த பாடத்தைக் கைவிடும் மாணவன் எங்கே வீழ்கின்றான் என்பதை இக்கணக்கே காட்டிவிடும். யான் வீழ்ந்ததும் அங்கேதான்.

“நமது மாவட்டத்திற்குச் சலுகை உண்டு” என்று சிலர் ஆறுதல் கூறுவர். உண்மைதான். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மட்டக்களப்பு அப்பதினாறில் ஒன்று. ஆனால், பட்டணத்துப் பெரிய பாடசாலை மாணவனும் படுவான்கரை மாணவனும் ஒரே மாவட்டப் பட்டியலிலேயே நிற்கின்றனர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, நம் தமையன்மார் பாதையேறி வாவியைக் கடந்தே பட்டணத்திற்குப் படிக்கச் சென்றார்கள். பாலம் வந்தது; தூரம் குறைந்தது; போட்டி குறையவில்லை.

இனி, குறையை நீக்கும் வழிக்கு வருவோம். நம் ஊர் கமக்காரர் ஒரு போகம் பிழைத்தால், மறுபோகத்தில் விதையை இருமடங்கு வீசிவிட்டு வீட்டிற் படுத்துறங்குவதில்லை. தண்ணீர் பிந்தியதா, புல் மண்டியதா, பூச்சி தின்றதா என்று வரம்பில் நின்று ஆராய்வர். யானோ, முதன்முறை தவறிய பின்னர், மேலும் ஒரு தனியார் வகுப்பிற் சேர்ந்தேன். அது விதையை இருமடங்கு வீசிய கதைதான். இரண்டாந் தடவை புள்ளி ஏறியது; வைத்தியத்துறைக்குப் போதவில்லை.

அப்பொழுது, மிஷன் பாடசாலையில் எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், “நீ கேட்டது போதும், இனி எழுது” என்றார். பழைய பௌதிகவியல் வினாத்தாள் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை முன்வைத்து எழுதினேன். பல்தேர்வு வினாக்கள் 50. நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவிற்கு 2 நிமிடமும் 24 விநாடியும். இருபத்தேழு விடைகள் பிழைத்தன. ஒவ்வொன்றும் ஏன் பிழைத்ததென ஒரு கொப்பியில் எழுதினேன். பாடம் தெரியாமற் பிழைத்தவை ஒன்பதே. வினாவைச் சரியாக வாசியாமலும் கணக்கிற் சறுக்கியும் பிழைத்தவை பதினொன்று. நேரமின்றித் தொடாது விட்டவை ஏழு. ஈராண்டுகளாக யான் மருந்து பூசிவந்தது நோவில்லாத இடத்திலே என்பது அன்றுதான் விளங்கிற்று! அன்றுமுதல் கிழமைக்கு இரண்டு வினாத்தாள். ஒவ்வொரு பிழைக்கும் காரணம். பத்து நாள் கழித்து அதே வினாவை மீண்டும் செய்தல். இதுவே யான் கண்ட வழி. இதற்குப் பணமும் வேண்டியதில்லை.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மூன்றாந் தடவைக்கு நான் ஆயத்தமானபோது, “இன்னுமா படிக்கிறான்?” என்று தெருவிற் கேட்டவர் பலர். அச்சொல் வினாத்தாளிலும் கடினமானது. என் தகப்பனார் வயலிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டே, “இன்னும் ஒரு போகம் பாப்பம் மனே” என்றார். அவ்வளவுதான். அவ்வொரு வார்த்தையிலேதான் அவ்வருடம் முழுவதும் படித்தேன்.

உண்மை ஒன்றை மறைத்தல் கூடாது. என்னோடு ஒரே மேசையிற் படித்த நண்பன், என்னிலும் உழைத்தவன். மூன்றாந் தடவையும் அவனுக்கு வைத்தியத்துறை கிட்டவில்லை. சில மாதங்கள் வெளியே வரவேயில்லை. இன்று தாதியர் பயிற்சி பெறுகின்றான். நோயாளியின் கட்டிலருகே என்னிலும் முன்னதாகவே நிற்கின்றான். முயன்றார் எல்லோரும் வெல்வர் என்று யான் கூறேன். இடங்கள் சில, கேட்பார் பலர். ஆயினும் கற்ற விஞ்ஞானம் வீண்போவதில்லை. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கற்ற கணக்கும் பௌதிகமும் யாழ்நூலில் அவர்க்கு உதவின. ஆகவே, முதற் தடவைக்குப் பின்னரே இரண்டாவது வழியொன்றையும் எண்ணி வையுங்கள். அது தோல்விக்கு இடங்கொடுத்தல் ஆகாது.

முடிவாக, சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை தோறும் சங்க மண்டபத்தைத் திறந்து, மணிக்கூடு ஒன்றும் பழைய வினாத்தாள்களும் வைப்பீர்களாயின், விடுமுறையில் வரும் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாங்கள் விடைகளைத் திருத்தித் தருவோம். முதல் ஆளாக நான் வருகின்றேன். என் பிழைக் கொப்பியையும் கொண்டு வருகின்றேன்.