கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

(சுங்கைப் பட்டாணி வட்டார உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்களுக்கு அச்சம். காரணமில்லாமல் இல்லை. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இந்நாட்டுக்கு வந்தார்கள். தவணை முடியுமுன் வேலையை விட்டு ஓடியவன் குற்றவாளியாகச் சிறைக்குப் போனான். 1910ஆம் ஆண்டில் மலாயாவுக்கு அம்முறையில் ஆள் கொண்டுவருவது நின்றது. அச்சம் மட்டும் நிற்கவில்லை.

இன்று நிலைமை வேறு. வேலையை விட்டு நிற்பவன் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த நாட்களுக்குரிய சம்பளத்தை ஈடாகச் செலுத்த வேண்டும். அவ்வளவுதான். வேலையை நிறுத்தும் நிர்வாகத்துக்கும் அதே விதி. திருடியவனைத் தண்டிப்பது கிரிமினல் வழக்கு. சொன்ன சொல் தவறியவனிடம் நட்டத்தைக் கேட்பது சிவில் வழக்கு. இந்த வேற்றுமையை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் என்பது யாது? ஒருவர் கேட்கிறார், மற்றவர் சம்மதிக்கிறார், இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு, காரியமும் சட்டத்துக்கு உட்பட்டது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கேட்பது இவற்றையே. சம்மதம் மனமுவந்து தந்ததாக இருக்க வேண்டும். தருபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த புத்தியுள்ளவராகவும் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லும் பெரும்பாலும் ஒப்பந்தமே; ஆனால் தகராறு வரும்போது வாய்ச்சொல்லுக்குச் சாட்சி ஏது?

மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தை ரத்துச் செய்யக் கோரலாம். எழுதப் படிக்கத் தெரியாத இந்தியப் பெண்மணி ஒருவரிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிய வழக்கில், 1982இல் வெளியான தீர்ப்பு அப்பெண்மணியின் பக்கமே நின்றது. ஆயினும், "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்பது மட்டும் போதாது. ஏமாற்றியதை நிரூபிக்க வேண்டும்.

நண்பனின் மோட்டார் சைக்கிளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். அவன் கட்டாவிட்டால் கடன் முழுவதும் நம் தலையில் விழும். வட்டிக்கடைக்காரருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் கொடுத்த கடன் ஒப்பந்தத்தைக் கோர்ட் நிறைவேற்றித் தராது. லைசென்ஸ் உள்ளவரும் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வெற்றுத்தாளில் எவருக்கும் கைநாட்டு வைக்காதீர்கள்.

தோழர்களே, ஒரு துயரத்தைச் சொல்கிறோம். லயத்தை விட்டு வெளியேற வேண்டிவந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், வீட்டுமனைக்கென்று ஒரு தரகரிடம் 3,000 வெள்ளி கட்டினார். மனையும் வரவில்லை, பணமும் வரவில்லை. "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தார். கோர்ட்டுக்குப் போனால் தோட்டத்தில் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் வேறு. ரசீதை மட்டும் பெட்டியடியில் பத்திரமாக வைத்திருந்தார். அதை நம்மிடம் கொண்டுவந்தபோது, ஒப்பந்தம் மீறப்பட்டு ஏழாண்டு கடந்திருந்தது. 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்த வழக்குக்குத் தவணை ஆறாண்டு. அவர் கையில் ரசீது இருந்தது, காலம் இல்லை. நாம் தலைகுனிந்து நின்றோம்.

அவர் காலத்தோடு வந்திருந்தால் வழி எளிது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்காகத் தொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை, பாரத்தை நிரப்பி, ரசீதை இணைத்து, நாமே நின்று பேசலாம். சம்பளப் பாக்கியாக இருந்தால் தொழில் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அங்கே விசாரணை உண்டு.

ஆகவே, மூன்று காரியங்கள் செய்யுங்கள். தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்ட பின்பே கையெழுத்திடுங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். மனத்தாங்கல் வந்தால் அந்த மாதமே சங்கக் கிளைக்கு வாருங்கள்.

பெட்டியடியில் ரசீது வைத்திருப்பவர் இக்கூட்டத்திலும் இருக்கலாம். வெட்கப்பட வேண்டியவர் பணம் வாங்கியவரே, நீங்கள் அல்ல. நாளைக்கே எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.